சுவரில் இருக்கும் மாப்பிள்ளை

ஜெய்சல்மேர் கோட்டைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கோட்டையைக் கட்டிய ராஜாவின் பெயரை அல்ல. கழிப்பறை எங்கே என்றுதான். இருபத்தெட்டு வருஷமாகச் சலிக்காமல் கை காட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம்தான் ராஜா, ராணி, பீரங்கி, சமணக் கோயில் எல்லாம். என் பெயர் ஹர்ஜீவன் வியாஸ். கைடு வேலை. வீடும் கோட்டைக்குள்ளேயேதான். எனக்குப் பேசத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அவர் பாதியைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுத் தெருச் சுவரில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். மஞ்சள் கல்லின்மேல் வெள்ளையடித்து, சிவப்பும் நீலமுமாக வரைந்த பிள்ளையார். அவருக்குக் கீழே 'தேவ்கிஷன் – ஜசோதா' என்று பெயர்கள், அதற்குக் கீழே கல்யாணத் தேதி. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையைச் சுவரில் எழுதினால்தான் ஊரை அழைத்ததாக அர்த்தம். தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாலும் சுவரில் இல்லாவிட்டால், "என்ன வியாஸ்ஜி, திருட்டுக் கல்யாணமா?" என்று கேட்பார்கள். எழுதியதை யாரும் அழிப்பதில்லை. அதே வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போதுதான் அதன்மேல் வெள்ளையடித்துப் புதிதாக எழுதுவோம். எனக்கு ஒரே பையன்.

தேவ்கிஷனை தேவு என்றுதான் கூப்பிடுவோம். ஊருக்கு வெளியே மணல்மேட்டில் ஜீப் ஓட்டினான். சுற்றுலாவுக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மேட்டின் உச்சிக்குப் போய், அங்கிருந்து சரேலென்று கீழே விடவேண்டும். அவர்கள் அலற வேண்டும். எவ்வளவு அலறுகிறார்களோ அவ்வளவு நல்ல டிரைவர். கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு மார்கழிச் சாயங்காலம், வண்டி குப்புற விழுந்தது. உள்ளே இருந்த நாலு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. என் பிள்ளை வண்டிக்கு அடியில் கிடந்தான். வாயெல்லாம் மணல். அதை நான்தான் என் விரலால் எடுத்தேன். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் எங்கள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"எவ்வளவு அழகா இருக்கு! இந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? வெயிலில் வேர்த்து நிற்கிற வேற்று மனுஷியிடம் ஒப்பாரியா வைக்க முடியும்?

அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையோடு நின்றது. மறுவாரம் ஒருவர், "மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டார். துபாயில் பெரிய ஹோட்டலில் இருக்கிறான் என்றேன். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுகிறான் என்று சேர்ந்துகொண்டது. தீபாவளிக்கு வருகிறான், வந்தால் பெண்டாட்டிக்கு ஒரு பெட்டி நிறையச் சாமான், எனக்கு ஒரு கைக்கடிகாரம். பொய்க்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. கடைசியில், "பையன் யார் தெரியுமா? நான் பெத்த பையன்தான்!" என்று மார்பில் தட்டிக்கொள்வேன். எல்லோரும் கை தட்டுவார்கள். சுவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிஷம் என் பிள்ளை உயிரோடு இருந்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் தினமும் குளித்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என் மனைவி கோம்திக்கு இது பால்காரன் மூலம் தெரிந்தது. அன்றைக்குச் சோறு வைக்கவில்லை.

"ஏங்க, செத்த பிள்ளையை வெச்சு வேடிக்கை காட்டறீங்களே, நாக்கு கூசலையா?"

"நீ உன் வேலையைப் பாரு."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டுச் செஞ்சு தர எந்த ஆசாரியும் இன்னும் பொறக்கல. மாடி ஜன்னல் தெருவைப் பார்த்துத்தானே இருக்கு? மேல அவ உக்காந்திருக்கா. அவ என்ன காதைக் கழட்டி வெச்சுட்டா உக்காந்திருக்கா?"

அவள் என்றது ஜசோதாவை. எங்களில் மருமகள் மாமனாருக்கு முகம் காட்டமாட்டாள், நேராகப் பேசமாட்டாள். மார்புவரை முக்காடு. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கோம்தியிடம் சொல்வாள், கோம்தி என்னிடம் சொல்வாள். மூன்று வருஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டு வைக்கிற அவள் கை மட்டும்தான். அந்தக் கையில் வளையல் இல்லாமல் போனதும் நான் தட்டைப் பார்த்தே சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் அவள் அப்பா பன்சிலால் புரோகித் பொக்ரானிலிருந்து வந்தார். ரொம்பத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஃபலோதியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஓம்தத். பெண்டாட்டி தவறிவிட்டாள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஜசோதாவை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "எங்க வீட்டு மருமகளுக்கு ரெண்டாம் கல்யாணமா? நல்லாயிருக்கே நியாயம்!" என்று கத்தினேன். அவர் எழுந்து போனார். நாலு மாதம் கோம்தி என்னை அரித்து எடுத்தாள். ஹோலி முடிந்த மறுநாள், முகத்திலிருந்த சாயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று சொன்னாள்.

"நமக்கு இன்னும் ஒரு பத்து வருஷம். அதுக்கப்புறம் அவ யாரோட பேசுவா? இந்தச் சுவரோடயா?"

சோப்பு கண்ணில் இறங்கியது. சரி என்று சொல்லிவிட்டேன். ஜசோதாவுக்கும் சம்மதம் என்று கோம்தி மூலமாகவே வந்தது. அட்சய திருதியையில் முடிப்பதென்று பேச்சு. எங்கள் பக்கம் அன்றைக்கு நாள் பார்க்கவேண்டாம், நேரம் பார்க்கவேண்டாம், தெருவுக்கு நாலு கல்யாணம் நடக்கும். ஜசோதா அந்தக் குழந்தைக்குச் சட்டை தைக்க அளவு கேட்டாளாம். கோம்தி அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இனிமே அந்தத் துபாய்க் கதை கிடையாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

திருதியைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, சீசன் முடிகிற நேரம். கோட்டை வாசலில் அங்கொருவர் இங்கொருவராக ஆறு பேரைச் சேர்த்து ஒரு கூட்டமாக்கிக் கூட்டிப் போனேன். அதில் ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், கையில் போன். அஜ்மீர்ப் பக்கம் என்று நினைத்தேன். எங்கள் சந்துக்கு வந்ததும் அவளே கேட்டாள்.

"இது யார் வீட்டுக் கல்யாணம்?"

சத்தியம் ஞாபகம் வந்தது. வராமல் என்ன? ஆனால் இன்னும் பன்னிரண்டு நாளில் மருமகள் போய்விடுவாள், அப்புறம் இந்தச் சுவருக்கு முன்னால் நின்று என்ன சொல்வது? கடைசியாக ஒரே ஒரு தரம் என்று மனசு கெஞ்சியது. சொன்னேன். எப்போதும் சொல்வதைவிட நன்றாகச் சொன்னேன். துபாயில் அவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்தேன்.

"பொண்ணு இங்கதான் இருக்காளா?" என்றாள் அந்த அம்மாள்.

"பின்ன? மாடியிலதான் இருக்கா. தங்கமான பொண்ணு."

"புருஷன்காரன் வந்து போறதுண்டா?"

"தீபாவளிக்கு வந்துட்டுப் போனான். இப்ப அஞ்சு மாசம்!" என்றேன். அது அந்த நிமிஷத்தில் பிறந்தது. இத்தனை நாளில் பேரனை நான் சேர்த்ததே இல்லை. எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை, வந்துவிட்டான். மற்ற நாலு பேரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் போனை இறக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சமணக் கோயிலுக்கு வரவில்லை, தலைவலிக்கிறது என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நான் ஒரு மடையன் நினைத்தேன்.

எங்களில் சம்பந்தம் பேசுகிறவர்கள் முடிவு சொல்வதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை வந்து வீட்டையும் தெருவையும் நோட்டம் பார்த்துப் போவார்கள். என் அம்மாவே தயிர் வாங்குகிறவளைப்போல் போய்க் கோம்தியைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். தெரியாத வழக்கமா? தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் பன்சிலாலின் போன் வந்தது. நமஸ்காரம்கூடச் சொல்லவில்லை.

"சம்பந்தி, உங்க பையன் உயிரோட இருக்கானாமே?"

எனக்குக் கையில் பிடித்த ரொட்டி அப்படியே நின்றது.

"ஃபலோதியிலேர்ந்து வாத்தியாரோட அக்கா போன் பண்ணி வாய்க்கு வந்தபடி திட்டறாங்க. 'புருஷன் துபாய்ல இருக்கான், பொண்ணு அஞ்சு மாசம், அதை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?'ன்னு. நான் சாமி மேல சத்தியம் பண்ணேன், நம்பல. 'பெத்த அப்பனே சொன்னார், வீடியோ வெச்சிருக்கேன்'ங்கறாங்க. என்ன சம்பந்தி இது? நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்."

போன் சத்தமாகத்தான் கேட்டது. கோம்தி தரையில் உட்கார்ந்து நெற்றியில் அறைந்துகொண்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் ஒரே பொய்யில் ஒரு கல்யாணத்தை முறித்திருந்தேன்.

அப்போதே ஃபலோதிக்குப் போன் போட்டேன். அந்த அம்மாள்தான் எடுத்தாள். "நான் ஜெய்சல்மேர்லேர்ந்து பேசறேன்…" என்று ஆரம்பித்துவிட்டேன். அடுத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். என் பையன் செத்துவிட்டான். அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அதை நான் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், போலீஸிடம் என் தம்பி சொன்னான், உறவுக்காரர்களுக்கு யார் யாரோ சொன்னார்கள். நான் மணலை எடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். "ஹலோ, ஹலோ" என்றாள் அவள். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

நேரில் போய்ச் சொல்கிறேன், அதுதான் மரியாதை என்று கோம்தியிடம் சொன்னேன். நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாள் ஒரு பெரிய கூட்டம் வருகிறது என்றேன். அதற்கு மறுநாள் வயிறு சரியில்லை என்றேன். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம்.

"மாமா."

யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஜசோதா நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டைத் தூக்கித் தலைக்குமேல் போட்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, மூக்கு குத்திய இடம் வெறுமையாக இருந்தது, இருபத்தாறு வயதுக்காரியின் முகமாகவே இல்லை.

"அவர் செத்துட்டார்னு சொல்ல உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா மாமா? நான் தினமும் கண்ணாடியில வெறும் நெத்தியைப் பார்க்கறேன். எனக்கு ஒரு நாளாவது லீவு கிடைச்சுதா?"

"அம்மா, நான்…"

"நீங்க கீழ நின்னு பேசறது எல்லாம் எனக்கு மேல கேக்கும். தீபாவளிக்கு வந்துடுவார்னு நீங்க சொல்லும்போது, சில நாள் நானே யாராவது படியேறி வராங்களான்னு பார்ப்பேன். பைத்தியம் மாதிரி. உங்க மேல எனக்குக் கோபமில்லன்னு பொய் சொல்லமாட்டேன். கோபம் இருக்கு. ஆனா இப்ப அதைப் பேசறதுக்கு நேரமில்ல." சரிந்த முக்காட்டை மறுபடி மேலே தள்ளிக்கொண்டாள். "எனக்கு அந்த வீட்டுக்குப் போகணும் மாமா. அந்தக் குழந்தையோட இருக்கணும். இன்னைக்கே போங்க. உங்க வாயால கெட்டது, உங்க வாயாலயே சரி பண்ணுங்க."

அடுப்பங்கரை வாசலில் கோம்தி வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் இறப்புச் சான்றிதழை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாலு மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்.

ஃபலோதியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கதவைத் திறந்தது கறுப்புக் கண்ணாடிக்காரிதான். பெயர் இந்துபாலா என்று பன்சிலால் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"ஓ, கைடு ஐயாவா! வாங்க. பேரன் பொறந்துட்டானா?"

நான் உறையை நீட்டினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. "படிங்கம்மா" என்று மட்டும் வந்தது. நின்றுகொண்டே படித்தாள். தேதியின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். தடுமாறிப்போய் அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலம்மா."

"தெரியலையா? நான் ஊர்க்காரங்க யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்கவே மாட்டேன். பெத்த அப்பன் பிள்ளை விஷயத்துல பொய் சொல்வானா? மாரைத் தட்டிக்கிட்டு சொன்னீங்களேய்யா!"

"என் தப்புதான். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவ தங்கம். இந்த இடத்தை விட்டுடாதீங்கம்மா. நான் உங்க கால்ல வேணா விழறேன்."

இந்துபாலா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் வேற பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டோம் ஐயா. பிக்கானேர்ல. திருதியை விட்டா அப்புறம் நாலு மாசம் ஆகும், தாயில்லாக் குழந்தையை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் நிப்போம்? வெத்தலை பாக்கு மாத்தி, மோதிரம் போட்டாச்சு. இனிமே அந்தப் பொண்ணை எப்படி வேணாம்னு சொல்றது?" உறையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நேத்துக் காலையில வந்திருந்தீங்கன்னா…"

நேற்றுக் காலையில் நான் வயிறு சரியில்லை என்று படுத்திருந்தேன்.

உள்ளேயிருந்து வாத்தியார் வந்தார். மெலிந்த மனிதர். எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் பின்னாலிருந்து ஒரு குட்டிப்பெண் எட்டிப் பார்த்தது. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்து கோட்டை ஏறும்போது சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை. எங்கள் சந்தில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் சவாய் சிங். இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆன பயல். என் பிள்ளையின் பாடைக்குத் தோள் கொடுத்தவன். கூட்டம் கை தட்டும் என்பதற்காக என் கதையை, என் குரலோடு, என் கையாட்டலோடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லி என்ன, என்னிடம் கற்றதுதானே.

"…துபாய்ல பெரிய ஹோட்டல்! வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா போன் வந்துடும்!" என்றவன் என்னைப் பார்த்துவிட்டான். "அடடே, பாருங்க உங்க அதிர்ஷ்டத்தை! மாப்பிள்ளையோட அப்பாவே வந்துட்டார். வாங்க சித்தப்பா, வாங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். போன்கள் என் பக்கம் உயர்ந்தன. அகமதாபாத்துக்காரி ஒருத்தி, முகம் நிறையச் சிரிப்போடு கேட்டாள்.

"ஐயா, பையன் எப்ப வரார்?"

கதவு திறந்திருந்தது. ஜசோதா வாசற்படியில் நின்றாள். காலையில் தூக்கிய முக்காட்டை இன்னும் இறக்கவில்லை. பகல் முழுக்க அங்கேயே நின்றிருப்பாள்போல. என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் பையன் செத்துட்டான்மா" என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜீப் கவுந்து செத்துட்டான். துபாயும் இல்ல, ஒண்ணும் இல்ல." சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதை மூன்று நாளைக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே, பாவி.

சவாய் சிங் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அகமதாபாத்துக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரிலிருந்த இரண்டாவது பெயரைத் தொட்டாள்.

"ஐயோ… அப்ப இந்தப் பொண்ணு?"

ஜசோதா படியிறங்கி வந்து, சுவரை ஒட்டி, தன் பெயருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான்தாங்க அது" என்றாள். "இங்கதான் இருக்கேன். இனிமேலும் இங்கதான் இருப்பேன். படம் எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

யாரும் எடுக்கவில்லை. சவாய் சிங் மெதுவாகக் கூட்டத்தைக் கோயில் பக்கம் நகர்த்திக்கொண்டு போனான். அவர்கள் போன பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள். உள்ளே வாம்மா என்று கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.